சூடான நீரில் சிறுத்துப்போகும் தவளைகள்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



அறிவியல் தலைப்பொன்றைப் பொதுமக்களும் கேட்கும்படி தமிழில் பேச வேண்டும் என்பது இந்த அறக்கட்டளையின் விதி. அந்த விதிக்கு ஏற்றதாக நான் தேர்ந்தெடுத்த தலைப்பு, தவளையின் வாழ்வில் வெப்பநிலை செய்யும் வேலை. சூடு கூடினால் தலைப்பிரட்டை சீக்கிரம் தவளையாகிவிடும் என்று பள்ளிக்கூடத்திலேயே படித்துவிடுகிறோம். அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. வெப்பம் தவளையை அவசரப்படுத்துகிறது; அந்த அவசரத்தில் அதன் உடல் குன்றிப்போகிறது. சீக்கிரம் கரையேறுவது வேறு, நன்றாகக் கரையேறுவது வேறு. இந்த ஒரு கருத்தைத்தான் இன்று சான்றுகளோடு உங்கள் முன் வைக்கப் போகிறேன்.

வெளியிலிருந்து வரும் வெப்பம்

நம் உடல் உணவை எரித்துத் தன் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்கிறது. வெளியே மார்கழிக் குளிரானாலும் சித்திரை வெயிலானாலும் உள்ளே 37 டிகிரி செல்சியஸ்தான். தவளைக்கு அந்த ஏற்பாடு கிடையாது. நீரும் காற்றும் எவ்வளவு சூடோ, ஏறத்தாழ அவ்வளவே அதன் உடலின் சூடு. உயிரணுக்களில் நடக்கும் வேதிவினைகள் வெப்பநிலை 10 டிகிரி உயரும்போது பொதுவாக இரண்டு முதல் மூன்று மடங்கு வேகம் பெறுகின்றன. ஆகவே தவளையின் இதயத் துடிப்பு, செரிமானம், கருவின் உயிரணுப் பிளவு எல்லாமே நீரின் சூட்டுக்கு ஏற்ப விரையும், அல்லது தளரும்.

ஆனால் இந்த விரைவுக்கு இரு பக்கமும் எல்லை உண்டு. ஒரு குறிப்பிட்ட குளிருக்குக் கீழே கரு வளராமல் நின்றுவிடும். ஒரு குறிப்பிட்ட சூட்டுக்கு மேலே சிதைந்துவிடும். அந்த எல்லைகள் எல்லாத் தவளைக்கும் ஒன்றல்ல என்பதைத் தெளிவாக அளந்து காட்டியவர் அமெரிக்க விலங்கியலாளர் ஜான் மூர்.

மூர் அளந்த நான்கு தவளைகள்

1939 இல் மூர் வெளியிட்ட ஆய்வு, வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் வாழும் நான்கு தவளை இனங்களைப் பற்றியது. ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. ஒரே வட்டாரத்தில் வாழ்பவை. ஆனால் முட்டையிடும் காலம் வேறு. பனி முழுவதும் உருகும் முன்பே, மார்ச் மாதத்தில் நீரில் இறங்குவது அங்குள்ள காட்டுத்தவளை. அதன்பின் ஏப்ரலில் சிறுத்தைத் தவளையும் பிக்கரல் தவளையும் வரும். நன்றாக வெயில் ஏறிய பிறகே, மே மாதத்துக்குப் பின் முட்டையிடுவது பச்சைத் தவளை.

இந்த நான்கின் கருக்களையும் வெவ்வேறு வெப்பநிலைகளில் வைத்து மூர் வளர்த்தார். காட்டுத்தவளையின் கரு சுமார் 2.5 டிகிரியிலிருந்து 24 டிகிரி வரை வளர்ந்தது. சிறுத்தைத் தவளைக்கு சுமார் 6 முதல் 28 வரை; பிக்கரல் தவளைக்கு 7 முதல் 30 வரை; பச்சைத் தவளைக்கு 12 முதல் 32 வரை. எது முந்தி முட்டையிடுகிறதோ, அதன் கரு அதிகக் குளிரைத் தாங்குகிறது. அதே கரு அதிகச் சூட்டைத் தாங்குவதில்லை. குளிர்நீரில் காட்டுத்தவளையின் கரு மற்ற மூன்றையும் முந்திக்கொண்டு வளர்கிறது. பச்சைத் தவளையின் கருவோ அந்த நீரில் வளரவே தொடங்காது.

அந்தக் காட்டுத்தவளையைப் பற்றி இன்னொரு செய்தி. இது தெற்கு அப்பலாச்சிய மலைகளிலிருந்து அலாஸ்கா வரை, ஆர்க்டிக் வட்டத்தையும் தாண்டி வாழ்கிறது. குளிர்காலத்தில் சருகுக்கு அடியில் கிடக்கும்போது அதன் உடல் நீரில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பனிக்கட்டியாக உறைந்துவிடும். இதயம் நின்றுவிடும். கல்லீரலில் சேர்த்துவைத்த மாவுப்பொருள் சர்க்கரையாகி இரத்தத்தில் கலந்து உயிரணுக்களைக் காக்கும். பனி உருகியதும் மீண்டும் துடிப்பு வரும். சில நாட்களில் குட்டைக்குப் போய்க் கத்தத் தொடங்கிவிடும். இவ்வளவு குளிரைத் தாங்கும் உயிருக்கு 24 டிகிரிக்கு மேல் கரு நிலைக்காது என்றால், குளிருக்குப் பழகியதற்கு ஈடாக அது எதை விட்டுக்கொடுத்திருக்கிறது என்பதை நீங்கள் உணர்ந்துகொள்ளலாம்.

முட்டைத்திரளின் உள்ளே

முட்டையிடும் முறையிலும் வெப்பத்தின் கை தெரிகிறது. காட்டுத்தவளை தன் முட்டைகளை நீரில் மூழ்கிய உருண்டைத் திரளாக இடும். ஒரு திரளில் நூற்றுக்கணக்கான முட்டைகள் இருக்கும். ஒரு முட்டையை உற்றுப் பாருங்கள்: மேற்பாதி கருமை, கீழ்ப்பாதி வெண்மை. கருமை வெயிலை வாங்கிக்கொள்கிறது. சுற்றியுள்ள வழுவழுப்பான கூழ்ப்படலம் வாங்கிய சூட்டை எளிதில் வெளியே விடுவதில்லை. பல பெண் தவளைகள் குட்டையின் ஒரே இடத்தில் திரள் திரளாக முட்டையிடுவதால், நடுவில் உள்ள முட்டைகள் சுற்றியுள்ள நீரைவிடக் கூடுதல் சூட்டில் இருக்கின்றன. பனியோரக் குட்டையில் ஓரிரு டிகிரி என்பது சிறிய வேறுபாடு அல்ல. கரு பொரிக்கும் நாளையே அது முன்னால் தள்ளிவிடும்.

பச்சைத் தவளைக்கு இந்த ஏற்பாடு கேடாக முடியும். கோடையில் அதற்குச் சூடு போதும், தட்டுப்பாடு ஆக்சிஜனுக்குத்தான். 20 டிகிரி நீரில் ஒரு லிட்டருக்கு சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்க முடியும். 30 டிகிரியில் அது சுமார் 7.5 மில்லிகிராமாகக் குறைந்துவிடும். அதே வேளையில் சூட்டில் கருவின் மூச்சுத் தேவை கூடுகிறது. உருண்டைத் திரளின் நடுவில் கிடந்தால் கரு மூச்சுமுட்டிச் சாகும். எனவே பச்சைத் தவளை தன் முட்டைகளை நீர்ப்பரப்பின்மேல் மெல்லிய ஏடாகப் பரப்பிவிடுகிறது. எல்லா முட்டைக்கும் மேல்நீரின் ஆக்சிஜன் கிடைக்கிறது. முட்டையும் காட்டுத்தவளையின் முட்டையைவிடச் சிறியது.

வளர்வதும் முதிர்வதும்

இனி தலைப்பிரட்டைக்கு வருவோம். முட்டை பொரித்தபின் இரண்டு வேலைகள் ஒன்றாக நடக்கின்றன. ஒன்று, உடல் பெருப்பது. மற்றொன்று, உடல் முதிர்வது: பின்னங்கால் முளை விடுவது, விரல்கள் பிரிவது, முன்னங்கால் வெளிவருவது, வால் கரைவது. முதலாவது, வீட்டுக்கு மேலும் மேலும் அறை சேர்ப்பது மாதிரி. இரண்டாவது, அதே வீட்டை இடித்து வேறு வீடாகக் கட்டுவது மாதிரி. முதிர்ச்சியின் படிகளைக் கென்னத் காஸ்னர் என்பவர் 1960 இல் 46 நிலைகளாக வகுத்தார். முட்டை ஒன்றில் தொடங்கும். தவளை 46 இல் நிற்கும். உலகெங்கும் தவளை ஆய்வாளர்கள் இன்றும் அந்த எண்களையே பயன்படுத்துகிறார்கள்.

நீர் சூடாகும்போது இந்த இரண்டு வேலைகளும் விரைகின்றன. ஆனால் ஒரே அளவில் விரைவதில்லை. முதிர்ச்சி அதிகமாக விரைகிறது, பெருக்கம் அந்த அளவுக்கு விரைவதில்லை. இதை 1979 இல் ஸ்மித்-கில், பெர்வன் ஆகிய இருவரும் தெளிவாக எடுத்துக்காட்டினர். விளைவு என்ன? சூடான நீரில் வளரும் தலைப்பிரட்டை, போதிய அளவு பெருக்கும் முன்பே 46ஆம் நிலையை எட்டிவிடுகிறது. குளிர்ந்த நீரில் உள்ளதோ மெதுவாக முதிர்கிறது. அதற்குள் தின்று பெருக்க நேரம் கிடைக்கிறது. அது காலம் தாழ்த்தி வெளிவரும், ஆனால் பெரிதாக வெளிவரும்.

இது தவளைக்கு மட்டும் உரிய விதி அல்ல. 1994 இல் டேவிட் அட்கின்சன், உடல் வெப்பத்துக்குச் சுற்றுப்புறத்தை நம்பியிருக்கும் உயிர்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார். அவற்றில் 80 விழுக்காட்டுக்கும் மேல், குளிரில் வளர்ந்த உயிர் பெரிதாக முதிர்ந்தது என்றே காட்டின. ஆனால் தவளையிடம் இந்த விதி கண்ணுக்கு நேரே தெரிகிறது. ஏனென்றால் அது நீரை விட்டுக் கரையேறும் நாள் என்று ஒன்று இருக்கிறது. அந்த நாளில் அதன் அளவை நாம் அளந்துவிடலாம்.

அளவு ஏன் முக்கியம் என்று மாணவர்கள் கேட்கலாம். சிறிய குட்டித் தவளையின் உடல் சீக்கிரம் உலர்ந்துபோகும். அதன் வாய்க்குள் போகும் இரையும் சிறியது. அதைத் தின்னக்கூடிய பகைகளோ அதிகம். பெர்வன் காட்டுத்தவளைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 1990 இல் எழுதிய ஆய்வில், கரையேறும்போது பெரிதாக இருந்தவை அதிகம் பிழைத்தன, இனப்பெருக்கத்துக்கும் முந்தி வந்தன என்று காட்டினார். குட்டையில் பட்ட குறை, தரைக்கு வந்தபின்னும் அதைத் தொடர்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். தலைப்பிரட்டையின் அளவை வெப்பம் மட்டும் தீர்மானிப்பதில்லை. தீனி, நெருக்கம், நீர் வற்றும் வேகம் இவையும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. ஒவ்வோர் இனத்துக்கும் கரையேறக் குறைந்தபட்ச அளவு ஒன்று உண்டு. அதைத் தாண்டியபின், குட்டையில் தொடர்ந்து வளர்வது இலாபமா, வெளியேறுவது இலாபமா என்பதைப் பொறுத்தே உருமாற்றம் தொடங்குகிறது என்று வில்பர், காலின்ஸ் ஆகியோர் 1973 இல் விளக்கினர். வெப்பம் இந்தக் கணக்கின் எல்லா உறுப்புகளையும் ஒருங்கே தொடுகிறது. தீனியான பாசியின் வளர்ச்சி, ஆக்சிஜன், நீர் வற்றுதல் எல்லாமே அதைச் சார்ந்தவை.

தைராய்டு இட்ட கட்டளை

உருமாற்றத்தைத் தொடக்கிவைப்பது எது? 1912 இல் குடர்நாட்ச் என்ற அறிஞர் தலைப்பிரட்டைகளுக்குக் குதிரையின் தைராய்டு சுரப்பியைத் தீனியாகக் கொடுத்தார். அவை வளரவேண்டிய அளவுக்கு வளராமலேயே நுண்ணிய குட்டித் தவளைகளாக மாறின. சில ஆண்டுகளில் பென்னட் ஆலன் எதிர்ச்சோதனையைச் செய்தார்: தைராய்டை அகற்றிய தலைப்பிரட்டைகள் உருமாறாமல் பெருத்துக்கொண்டே போயின. கட்டளை தைராய்டிலிருந்து வருகிறது என்பது அதோடு உறுதியாயிற்று.

வெப்பம் அந்தக் கட்டளையின் மேல் கை வைக்கிறது. அமெரிக்கப் பெருந்தவளையின் தலைப்பிரட்டைகளை சுமார் 5 டிகிரிக் குளிர்நீரில் வைத்துத் தைராய்டு ஹார்மோன் செலுத்தினால், வெளியே எந்த மாற்றமும் தெரியாது. அதே தலைப்பிரட்டைகளைப் பின்னர் 24 டிகிரி அளவுள்ள நீருக்கு மாற்றினால் உருமாற்றம் கிடுகிடுவென நடக்கிறது. குளிரில் வந்த கட்டளையை உயிரணுக்கள் மறக்கவில்லை. சூடு வரும்வரை நிறுத்தி வைத்திருக்கின்றன. வடக்கே குளிர்ப்பகுதியில் இந்தப் பெருந்தவளையின் தலைப்பிரட்டைகள் இரண்டு மூன்று ஆண்டுகள் கூட நீரிலேயே கிடக்கின்றன. தெற்கே வெப்பப்பகுதியில் ஓராண்டுக்குள்ளேயே தவளையாகிவிடுகின்றன.

வறட்சிக்கும் இதே வழியில் பதில் உண்டு. மேற்கு அமெரிக்காவின் மண்தோண்டித் தேரைகளை ஆராய்ந்த ராபர்ட் டென்வர், குட்டையில் நீர் குறையும்போது மூளையிலிருந்து சுரக்கும் மன அழுத்த ஹார்மோன் தைராய்டைத் தூண்டி உருமாற்றத்தை முடுக்குகிறது என்று 1997 இல் காட்டினார். சொனோரன் பாலைவனத்தில் வாழும் கவுச் மண்தோண்டித் தேரை, வெயிலில் காயும் மழைக்குட்டையில் சுமார் 8 நாளிலேயே முட்டையிலிருந்து குட்டித் தேரையாகிவிடும். குட்டை வற்றும் முன் வெளியேறாவிட்டால் சாவு உறுதி. அப்படிப்பட்ட இடத்தில் சிறுத்துப் பிழைப்பதே மேல்.

வாலும் காலும் சேர்ந்த நாட்கள்

காஸ்னரின் 42ஆம் நிலையில் முன்னங்கால்கள் தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வருகின்றன. அந்தச் சில நாட்களில் ஒரு தலைப்பிரட்டையைக் கிண்ணத்தில் எடுத்து வைத்துப் பாருங்கள். பாசியைச் சுரண்டித் தின்ற கடினமான உதடுகள் உதிர்ந்திருக்கும்; அகன்ற தவளைவாய் இன்னும் முழுதாக அமைந்திருக்காது. சுருள் சுருளாக நீண்டிருந்த குடல், ஊனுணவுக்கு ஏற்பச் சுருங்கிக்கொண்டிருக்கும். ஆகவே அது எதையும் தின்னாது. வாலையே கரைத்து அந்தச் சத்தில் பிழைக்கும். நீந்த வால் போதாது. தத்தக் கால் போதாது. பாம்புகளுக்கு அது எளிதில் அகப்படும் இரை.

இதே நாட்களில் அதன் சூடு தாங்கும் திறனும் குறைந்துவிடுகிறது. இளந்தலைப்பிரட்டை தாங்கிய சூட்டை உருமாறும் தலைப்பிரட்டை தாங்காது. குட்டையின் ஓரம் நிழலற்றுக் காய்ந்தால், கரையேற வந்த இடத்திலேயே அது மடிந்துபோகும். மொத்த வாழ்வில் மிகச் சில நாட்கள்தான். ஆனால் ஒரு தலைமுறையின் தலையெழுத்து அந்த நாட்களில் எழுதப்பட்டுவிடுகிறது.

மிகுந்த சூடு பாலினத்தையும் மாற்றக்கூடும். 1929 இல் எமில் விட்ச்சி, காட்டுத்தவளையின் பெண் தலைப்பிரட்டைகளை 32 டிகிரியில் வளர்த்தபோது அவற்றின் சூலகம் விந்தகமாக மாறியதைக் கண்டார். இயல்பான குட்டைகளில் அந்த இனம் நெடுநேரம் இருக்கக்கூடிய சூடு அல்ல அது. ஆனாலும் மரபணு எழுதியதை வெப்பம் திருத்த முடியும் என்பதற்கு அது சான்று.

மலையும் சமவெளியும்

தலைமுறை தலைமுறையாகக் குளிரில் வாழும் தவளைகள் அந்தக் குளிருக்கு ஏற்பத் தங்களைத் திருத்திக்கொள்கின்றன. பச்சைத் தவளையின் மலைக்கூட்டத்தையும் சமவெளிக் கூட்டத்தையும் பெர்வனும் அவருடன் ஆய்ந்தவர்களும் 1979 இல் ஒப்பிட்டனர். ஒரே குளிர்நீரில் இரண்டையும் வளர்த்தபோது, மலையிலிருந்து வந்தவை சமவெளித் தலைப்பிரட்டைகளைவிட விரைவாக முதிர்ந்தன. ஸ்வீடனில் ஐரோப்பியப் பழுப்புத் தவளையிடமும் இதுவே தெரிந்தது: ஒரே வெப்பநிலையில் வளர்த்தபோது வடக்குத் தலைப்பிரட்டைகள் தெற்குத் தலைப்பிரட்டைகளை முந்தின. கோடை குறுகியது, அதற்குள் கரையேற வேண்டும் என்ற கட்டாயம் அவற்றின் மரபிலேயே பதிந்துவிட்டது.

இப்படித் திருந்தப் பல தலைமுறைகள் வேண்டும். இப்போது பூமி சூடாகும் வேகத்தில் அத்தனை தலைமுறைகளுக்கு அவகாசம் இருக்கிறதா என்பதே நம் முன் நிற்கும் கேள்வி.

சூடாகும் உலகில்

நியூயார்க் மாநிலத்து இத்தாக்கா நகரில் ஆல்பர்ட் ஹேசன் ரைட் என்ற பேராசிரியர் 1900 முதல் 1912 வரை, ஒவ்வொரு தவளை இனமும் ஆண்டுதோறும் எந்த நாளில் முதலில் கத்தத் தொடங்கியது என்று குறித்துவைத்தார். 1990 முதல் 1999 வரையிலான குறிப்புகளோடு அவற்றை கிப்ஸ், பிரெய்ஷ் ஆகியோர் ஒப்பிட்டு 2001 இல் வெளியிட்டனர். நான்கு இனங்கள் 10 முதல் 13 நாட்கள் முன்னதாகவே கத்தத் தொடங்கியிருந்தன. இரண்டு இனங்களில் மாற்றமில்லை. ஒன்றுகூடப் பின்னால் போகவில்லை. தவளைகள் இனப்பெருக்கத்துக்குத் தயாராகும் முக்கிய மாதங்களில் பெரும்பாலானவற்றில் அங்கே வெப்பநிலை 1.0 முதல் 2.3 டிகிரி வரை கூடியிருந்தது.

முன்னதாக முட்டையிட்டால் நல்லதுதானே என்று தோன்றலாம். முன்கூட்டியே இட்ட முட்டை பின்பனியில் உறையலாம். முன்கூட்டியே சூடான குட்டை முன்கூட்டியே வற்றலாம். சூட்டில் விரைந்து முதிர்ந்த குட்டி, நான் முன்பே சொன்னபடி, சிறுத்துக் கரையேறலாம். 2023 இல் வெளிவந்த உலகளாவிய மதிப்பீடு, இருவாழ்வி இனங்களில் சுமார் 41 விழுக்காடு அழிவின் விளிம்பை நோக்கி இருப்பதாகக் கூறியது. 2004க்குப் பிறகு நிலை மோசமான இனங்களில் 39 விழுக்காட்டுக்குப் பருவநிலை மாற்றமே முதன்மைக் காரணம் என்றும் அது காட்டியது.

நம் மேற்குத் தொடர்ச்சி மலைக்கு இதில் தனிக் கவலை உண்டு. அங்குள்ள புதர்த்தவளைகளில் பெரும்பாலானவற்றுக்கு நீரில் நீந்தும் தலைப்பிரட்டைப் பருவமே கிடையாது. ஈரமான இலையிலும் சருகுக்கு அடியிலும் இட்ட முட்டைக்குள்ளேயே எல்லா மாற்றமும் நடந்து, குட்டித் தவளை நேராக வெளிவருகிறது. சுற்றியுள்ள நீர் சூட்டைத் தணிக்கும் வாய்ப்பு அந்த முட்டைக்கு இல்லை. காற்றின் சூடும் ஈரமும் அப்படியே கருவைத் தொடும். 2010 இல் விவரிக்கப்பட்ட செந்நிறப் புதர்த்தவளை ஒன்று, 2,695 மீட்டர் உயரமுள்ள ஆனைமுடியின் உச்சிப் பகுதியில் வாழ்கிறது. உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் சராசரியாக ஆறரை டிகிரி குறையும். கீழே சூடு ஏறும்போது மலைச்சரிவில் வாழும் தவளை மேலே நகரலாம். உச்சியில் வாழ்வது எங்கே நகரும்?

நாம் செய்ய வேண்டியது

தவளையின் வாழ்வைத் தீர்மானிப்பது வானிலை நிலையத்தில் பதிவாகும் சராசரி அல்ல. குட்டையின் ஓரத்தில் விரற்கடை ஆழத்தில் உள்ள நீரின் சூடு. அந்தச் சூட்டை உலகம் முழுவதையும் திருத்தாமலே நாம் ஓரளவு காக்க முடியும். ஊருணிக்கரையில் உள்ள மரத்தை வெட்டாமல் விட்டால் நிழல் இருக்கும். குட்டையை அழகுபடுத்துகிறோம் என்று நாற்புறமும் சிமெண்ட் சுவர் எழுப்பாமல், ஒரு பக்கமாவது மண்சரிவும் புல்லும் விட்டுவைத்தால், வாலும் காலும் சேர்ந்த அந்த நாட்களில் குட்டித் தவளை ஒதுங்க இடம் இருக்கும். நடுவில் ஆழம் இருந்தால் உச்சிவெயிலில் தலைப்பிரட்டை இறங்கிக்கொள்ளும். மழைக்காலத்தில் மட்டும் நீர் நிற்கும் பள்ளங்களை வீணான நிலம் என்று தூர்க்காதீர்கள். மீன் இல்லாத அந்தப் பள்ளங்கள்தான் பல தவளை இனங்களுக்குப் பிள்ளை வளர்க்கும் இடம்.

இங்கே அமர்ந்திருக்கும் மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். ரைட் இத்தாக்காவில் குறித்துவைத்ததற்குப் பெரிய கருவி எதுவும் தேவைப்படவில்லை. காது கேட்டது, கை எழுதியது. தொண்ணூறு ஆண்டு கழித்து அந்தக் குறிப்பே சான்றாக நின்றது. உங்கள் ஊரில் ஒரு குட்டையைத் தேர்ந்தெடுங்கள். ஒரு வெப்பமானியும் ஒரு நோட்டுப் புத்தகமும் போதும். ஓரத்து நீரின் சூட்டைக் காலையிலும் நண்பகலிலும் அளந்து எழுதுங்கள். தவளை முதலில் கத்திய நாள், முட்டை கண்ட நாள், குட்டிகள் கரையேறிய நாள், அவற்றின் நீளம் இவற்றை ஆண்டுதோறும் விடாமல் குறியுங்கள். தமிழ்நாட்டுத் தவளைகளுக்கு அப்படிப்பட்ட நெடுங்காலக் குறிப்புகள் பெருகினால்தான், சூடு கூடும்போது அவற்றுக்கு என்ன நேர்கிறது என்பதை வேறு நாட்டு ஆய்வைக் காட்டாமல் நம் குட்டையைக் காட்டியே சொல்ல முடியும். இந்த ஆண்டு முதல் மழைக்கே தொடங்குங்கள்.